மன்னிப்புக் கேட்காமல் ஒரு பயணம்

2019ஆம் ஆண்டு சியோலிலிருந்து சான்பிரான்சிஸ்கோவுக்குப் பறந்த ஒரு விமானத்தில், நான்கு மாதக் கைக்குழந்தையோடு ஏறிய ஒரு தாய் சக பயணிகளுக்கு 200க்கும் மேற்பட்ட சிறு பைகளை வழங்கினார். ஒவ்வொரு பையிலும் மிட்டாய், சூயிங்கம், காதை அடைத்துக்கொள்ளும் பஞ்சு, ஒரு கடிதம். வழியில் அழுதுவிடக்கூடும், பொறுத்துக்கொள்ளுங்கள் என்று குழந்தையே சொல்வதுபோல் அந்தக் கடிதம் எழுதப்பட்டிருந்தது. படம் சமூக ஊடகங்களில் உலகைச் சுற்றிவந்தது. தாயின் பண்பைப் பலரும் மெச்சினார்கள். எனக்கோ அந்தப் படத்தைப் பார்த்தால் வருத்தம்தான் மேலிடுகிறது. பத்து மணி நேரப் பயணத்தில் கைக்குழந்தை அழாமல் வராது. அதற்காக 200 பேரிடம் முன்கூட்டியே மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும் என்று ஒரு தாய்க்குத் தோன்றியிருக்கிறது என்றால், அந்த அச்சத்தை அவருக்குக் கற்றுக்கொடுத்தது யார்?

குழந்தைகளை நன்றாக வரவேற்கும் நாடு எது என்று கேட்டால், பயண வழிகாட்டிகள் கேளிக்கைப் பூங்காக்களையும் கடற்கரைகளையும் வரிசைப்படுத்தும். அது சுற்றுலா வணிகத்தின் கணக்கு. மக்கள் குழந்தைகளை எப்படிக் கொஞ்சுகிறார்கள் என்று பார்ப்பது இன்னொரு கணக்கு. இரண்டையும்விட நம்பத்தக்க அளவுகோல் ஒன்று உண்டு என்று நான் கருதுகிறேன். குழந்தையோடு வீட்டைவிட்டுக் கிளம்பும் ஒருவர், திரும்பிவருவதற்குள் எத்தனை முறை பிறரிடம் மன்னிப்புக் கேட்கவோ உதவிக்குக் கெஞ்சவோ வேண்டியிருக்கிறது? அந்த எண்ணிக்கை குறையக் குறைய, அந்த நாட்டின் வரவேற்பு உண்மையானதாகிறது. கட்டணம், இடம், சத்தம் ஆகிய மூன்றிலும் நாடுகள் எடுத்திருக்கும் முடிவுகளை ஒப்பிட்டால் இது தெளிவாகும்.

பயணச்சீட்டில் தெரியும் பார்வை

குழந்தையை ஒரு நாடு எப்படிப் பார்க்கிறது என்பதை அதன் ரயில் கட்டணப் பட்டியலே காட்டிக்கொடுக்கும். பிரான்ஸில் மூன்று அல்லது அதற்கு மேல் குழந்தைகள் உள்ள குடும்பங்களுக்கான ரயில் சலுகை 1921இல் சட்டமானது. முதல் உலகப்போரில் 13 லட்சத்துக்கும் மேற்பட்ட வீரர்களை இழந்திருந்த நாடு அது. பிறப்பைப் பெருக்கும் அவசரம் அந்தச் சட்டத்தின் பின்னணியில் இருந்தது. மூன்று குழந்தைகள் என்றால் 30 சதவீதம், நான்கு என்றால் 40, ஐந்து என்றால் 50, ஆறு அல்லது அதற்கு மேல் என்றால் 75 சதவீதம் தள்ளுபடி. குடும்பத்தின் வருமானத்தைக் கேட்பதில்லை. நோக்கம் மக்கள்தொகைக் கணக்காக இருந்தாலும், குழந்தை வளர்ப்பின் செலவில் ஒரு பங்கு சமூகத்துடையது என்ற கொள்கை அதன்வழி நூறாண்டு நிலைத்துவிட்டது.

சுவிட்சர்லாந்து வேறு வழியில் சென்றது. ஆறு வயது நிரம்பாத குழந்தைக்குச் சீட்டு வேண்டாம். ஆறிலிருந்து பதினாறு வயதுவரை, ஆண்டுக்கு 30 பிராங்க் கொடுத்து ஓர் அட்டை வாங்கிவிட்டால், பெற்றோரோடு பிள்ளை ஆண்டு முழுவதும் நாடெங்கும் பயணம் செய்யலாம். தாத்தா பாட்டியோ வேறு உறவினரோ கூட்டிச்செல்வதற்கும் இதே விலையில் ஓர் அட்டை இருக்கிறது. செலவு மிகுந்த நாடு என்று பெயர்பெற்ற ஒன்றில், வார இறுதியில் குடும்பங்கள் ரயிலேறி மலைக்குப் போவது இயல்பாக இருப்பதற்கு இந்த அட்டையும் ஒரு காரணம்.

ஹெல்சிங்கி நகரப் போக்குவரத்தில் நெடுங்காலமாக இருந்துவரும் ஓர் ஏற்பாடு என்னை மிகவும் கவர்ந்தது. ஏழு வயதுக்குட்பட்ட குழந்தையை ஸ்ட்ரோலரில் தள்ளிக்கொண்டு வருபவருக்குக் கட்டணம் கிடையாது. காரணம் எளிமையானது. ஸ்ட்ரோலரைப் பேருந்தின் நடுவாசல் வழியாகத்தான் ஏற்ற முடியும். பணம் செலுத்த ஓட்டுநரிடம் போக வேண்டுமானால் குழந்தையைத் தனியே விட்டுவிட்டுப் போக வேண்டும். இந்தச் சங்கடத்தைத் தீர்க்கத் தாயைக் கட்டாயப்படுத்துவதா, கட்டணத்தை விட்டுக்கொடுப்பதா என்ற கேள்விக்கு நகரம் இரண்டாவதைத் தேர்ந்தது. குழந்தையோடு வருபவரின் இடத்தில் நின்று யோசித்தவர்கள் எழுதிய விதி இது.

இந்தியாவில் 2016 ஏப்ரல் 21 முதல் நடைமுறைக்கு வந்த மாற்றம் எதிர்த்திசையில் போனது. அதற்கு முன்பு முன்பதிவுப் பெட்டிகளில் 5 முதல் 12 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு அரைக் கட்டணத்திலேயே படுக்கை கிடைத்தது. இப்போது படுக்கை வேண்டுமென்றால் முழுக் கட்டணம். அரைக் கட்டணம் என்றால் தனிப் படுக்கை இல்லை, பெற்றோரோடு ஒண்டிக்கொள்ள வேண்டும். இந்த மாற்றத்தால் ஏழு ஆண்டுகளில் ரயில்வேக்கு 2,800 கோடி ரூபாய் கூடுதல் வருவாய் கிடைத்தது என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் வழியே 2023இல் தெரியவந்தது. ஓர் இடத்தை யார் நிரப்பினாலும் ரயில்வேக்கு ஆகும் செலவு ஒன்றுதான் என்ற வாதத்தில் கணக்குப் பிழை இல்லை. ஆனால் அந்த 2,800 கோடி கோடை விடுமுறையில் ஊருக்குப் போகும் சாதாரணக் குடும்பங்களின் பையிலிருந்து வந்தது என்பதையும் சேர்த்தே கணக்குப் பார்க்க வேண்டும்.

சலுகை தரும் நாடுகளும் பின்வாங்குகின்றன. ஜெர்மனியில் 14 வயதுவரையான பிள்ளைகள் துணையோடு வந்தால் நெடுந்தூர ரயில்களில் கட்டணமில்லை. ஆனால் குடும்பத்துக்கு மொத்தமாக 10.40 யூரோவில் இடம் முன்பதிவு செய்யும் வசதியை ஜெர்மன் ரயில்வே 2025 ஜூனில் நிறுத்தியது. இப்போது தலைக்கு 5.50 யூரோ, நால்வர் குடும்பத்துக்கு 22 யூரோ. நெருக்கடி மிகுந்த ரயிலில் இரண்டு குழந்தைகளோடு நின்றுகொண்டு பயணம் செய்ய முடியாது என்பதால், குடும்பங்களைப் பொறுத்தவரை முன்பதிவு விருப்பத் தேர்வாக இருப்பதில்லை. வசூலிக்கப்படுவது அவர்களின் தவிர்க்க முடியாத தேவைக்கான விலை.

இருக்கையும் இடமும்

கட்டணத்துக்கு அடுத்தது இடம். பின்லாந்தின் இன்டர்சிட்டி ரயில்களில் மேல்தளத்தில் விளையாட்டுப் பகுதி இருக்கிறது. சிறிய சறுக்குமரமும் படப்புத்தகங்களும் அங்கே உண்டு. சுவிட்சர்லாந்தின் இரண்டடுக்கு ரயில்களிலும் இப்படிக் குடும்பப் பெட்டி உண்டு. ஜெர்மன் அதிவேக ரயில்களில் கைக்குழந்தைகளோடு வருபவர்களுக்குக் கதவடைத்துக்கொள்ளக்கூடிய தனி அறையும், வளர்ந்த பிள்ளைகளுக்கான குடும்பப் பகுதியும், அமைதியாகப் பயணிக்க விரும்புவோருக்கான பகுதியும் தனித்தனியே இருக்கின்றன. ஜப்பானின் ஷின்கான்சென் ரயில்களில் உடல்நலம் குன்றியவர்களுக்கும் பாலூட்டும் தாய்மார்களுக்கும் பயன்படும் ஒரு பொது அறை உண்டு; நடத்துநரிடம் சொன்னால் திறந்துவிடுவார்.

இவற்றை ஆடம்பரம் என்று ஒதுக்க முடியாது. மூன்று வயதுக் குழந்தையால் நான்கு மணி நேரம் அசையாமல் உட்கார முடியாது என்பது அதன் உடலின் இயல்பு. அந்த இயல்புக்கு ஒரு மூலையை ஒதுக்கிவிட்டால், பெட்டி முழுவதும் ஓடி விளையாடும் குழந்தையின் பின்னால் தாயும் தந்தையும் "சாரி, சாரி" என்று சொல்லிக்கொண்டு திரிய வேண்டியதில்லை.

விமானத்தில் சிக்கல் வேறு உருவம் எடுக்கிறது. இருக்கையைத் தேர்ந்தெடுக்கத் தனிக் கட்டணம் என்ற முறை பரவியதும், பணம் கட்டாத குடும்பங்களின் இருக்கைகளைக் கணினி கலைத்துப் போட்டது. நான்கு வயதுக் குழந்தை 12ஆம் வரிசையில், தாய் 27ஆம் வரிசையில் என்ற நிலை வந்தது. விமானத்துக்குள் ஏறிய பிறகு முன்பின் தெரியாதவர்களிடம் இடம் மாறிக்கொள்ளும்படி தாய் கெஞ்ச வேண்டும். கனடா 2019 டிசம்பரில் இதற்குத் துல்லியமான விதி கொண்டுவந்தது. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்குப் பெற்றோரின் பக்கத்து இருக்கை. 5 முதல் 11 வயதுவரை அதே வரிசை, இடையில் ஓர் இருக்கைக்கு மேல் இடைவெளி கூடாது. 12, 13 வயதினருக்கும் பெற்றோருக்கும் இடையில் ஒரு வரிசைக்கு மேல் இருக்கக் கூடாது. எதற்கும் கூடுதல் கட்டணம் இல்லை. இந்தியாவில் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் 2024 ஏப்ரலில், 12 வயதுவரையான குழந்தைகளுக்குப் பெற்றோர் ஒருவருடனாவது இருக்கை ஒதுக்க வேண்டும் என்று விமான நிறுவனங்களைப் பணித்தது. அமெரிக்க நாடாளுமன்றம் இதே நோக்கில் விதி வகுக்கும்படி 2024இல் சட்டம் இயற்றியது. மூன்று நாடுகளிலும் அரசு தலையிட வேண்டியிருந்தது. குழந்தையைத் தாயின் அருகே உட்கார வைக்கும் அளவுக்கான கருணையைக்கூடச் சந்தை தானாகத் தரவில்லை.

குழந்தையின் சத்தம் யார் பொறுப்பு?

கட்டணமும் இடமும் பணத்தால் தீரக்கூடியவை. சத்தம் மனப்பாங்கோடு தொடர்புடையது. இதில் இரண்டு நாடுகளின் பாதைகளைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது பயன்தரும்.

ஒழுங்குக்கும் அமைதிக்கும் பெயர்போன ஜெர்மனியில், குழந்தைகள் காப்பகங்களின் இரைச்சலுக்கு எதிராக அக்கம்பக்கத்தினர் வழக்குத் தொடுப்பது ஒரு காலத்தில் வாடிக்கையாக இருந்தது. சில காப்பகங்கள் ஒலித்தடுப்புச் சுவர் எழுப்ப வேண்டிவந்தது. சில இடம்மாற வேண்டிவந்தது. 2011இல் நாடாளுமன்றம் மாசுக் கட்டுப்பாட்டுச் சட்டத்தைத் திருத்தியது. காப்பகங்களிலும் விளையாட்டுத் திடல்களிலும் குழந்தைகள் எழுப்பும் சத்தம் பொதுவாகத் தீங்கான சுற்றுச்சூழல் பாதிப்பு ஆகாது என்றும், ஆலைகளுக்கும் போக்குவரத்துக்கும் உரிய ஒலி வரம்புகளை அதற்குப் பொருத்தக் கூடாது என்றும் அந்தத் திருத்தம் சொன்னது. மனிதர்கள் வளரும் ஓசையையும் இயந்திர இரைச்சலையும் ஒரே அளவுகோலால் அளக்கக் கூடாது என்று ஒரு நாடு சட்டத்தில் எழுதிவைத்ததை, அண்மைக் காலத்தின் உயர்ந்த சட்டச் சிந்தனைகளுள் ஒன்றாகவே நான் மதிக்கிறேன்.

தென்கொரியா வேறு பாதையில் போனது. 2011இல் பூசான் நகர உணவகம் ஒன்றில், வெந்நீர் ஏந்திவந்த ஊழியர்மீது ஒரு குழந்தை மோதிக் காயமடைந்தது. 2013இல் நீதிமன்றம் பெரும்பகுதிப் பொறுப்பை உணவகத்தின்மீது சுமத்தி இழப்பீடு வழங்கச் சொன்னது. காப்பீடும் கையிருப்பும் போதாத சிறு கடைக்காரர்கள் இதைக் கண்டு அஞ்சினார்கள். அடுத்த சில ஆண்டுகளில் "குழந்தைகளுக்கு அனுமதி இல்லை" என்ற பலகைகள் சிற்றுண்டிக் கடைகளிலும் உணவகங்களிலும் பரவின. 'நோ கிட்ஸ் ஸோன்' என்பது அன்றாடச் சொல்லாயிற்று. சுற்றுலாத் தீவான ஜேஜூவில் 13 வயதுக்குட்பட்டவர்களை அனுமதிக்காத ஓர் உணவகம் பற்றிய புகாரில், அது பாரபட்சம் என்று தேசிய மனித உரிமை ஆணையம் 2017இல் முடிவு சொன்னது. ஆணையத்தின் சொல் பரிந்துரை மட்டுமே, கடைகளைக் கட்டுப்படுத்தாது. 2023 மே மாதம் யோங் ஹே-இன் என்ற நாடாளுமன்ற உறுப்பினர் தன் மழலையைத் தூக்கிக்கொண்டு வந்து, இந்தப் பலகைகளை ஒழிக்க வேண்டும் என்று செய்தியாளர்களிடம் பேசினார். அந்த ஆண்டு தென்கொரியாவின் கருவள விகிதம் 0.72; உலகிலேயே மிகக் குறைந்த அளவுகளில் ஒன்று. பிறப்பு குறைந்ததற்கு வேலை நேரம், வீட்டு விலை, கல்விச் செலவு என்று காரணங்கள் பல. பலகைகள்தான் காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால் பிள்ளை பெற்றுக்கொள்ளச் சொல்லி அரசு பணம் தரும்போது, தெருமுனைக் கடை அந்தப் பிள்ளையை வாசலிலேயே நிறுத்துகிறது என்றால், இளம் தம்பதியர் இரண்டில் எதை நம்புவார்கள்? சியோல் மாநகராட்சி 2022இல் குழந்தைகளை ஏற்கும் உணவகங்களுக்கு 'கிட்ஸ் ஓகே' அடையாளம் கொடுக்கத் தொடங்கியது. வரவேற்புக்கே தனி அடையாளம் தேவைப்படும் நிலை அது.

ஜப்பான் இடையில் நிற்கிறது. நெரிசல் ரயிலில் ஸ்ட்ரோலரை மடக்காமல் ஏறலாமா என்ற சர்ச்சை அங்கே பல ஆண்டுகள் நீடித்தது. 2014இல் போக்குவரத்து அமைச்சகம், மடக்க வேண்டியதில்லை என்று பொது விதியை அறிவித்து, அதற்கென ஒரு குறியீட்டையும் வெளியிட்டது. 2016இல் "அழுதாலும் பரவாயில்லை" என்ற வாசகத்தோடு ஒட்டுவில்லைகள் வந்தன. கைபேசியில் அதை ஒட்டிக்கொண்டவர், தன் அருகே இருக்கும் தாய்க்கு வாய்திறவாமலே ஆறுதல் சொல்கிறார். இந்த இயக்கத்துக்கு மாநில ஆளுநர்கள் பலர் ஆதரவளித்தார்கள். 2023இல் அரசு நடத்தும் பூங்காக்கள், அருங்காட்சியகங்களில் குழந்தைகளோடு வரும் குடும்பங்களுக்கு முன்னுரிமை வரிசை தொடங்கப்பட்டது. விதியும் வேண்டும், மனமாற்றமும் வேண்டும் என்று ஒரு சமூகம் தனக்குத்தானே கற்பித்துக்கொள்வதை இதில் காணலாம்.

கொஞ்சல் நிறைந்த நாடுகள்

மறுபக்கம், குழந்தைகளைக் கண்டால் முகம் மலரும் நாடுகள் இருக்கின்றன. ஸ்பெயினின் சதுக்கங்களில் இரவு ஒன்பது, பத்து மணிக்கும் குழந்தைகள் ஓடி விளையாடுவார்கள். பெற்றோர் பக்கத்திலேயே மேசை போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். பெரியவர்களின் மாலைப்பொழுதிலிருந்து குழந்தையைப் பிரித்துவைக்கும் எண்ணமே அங்கு எழுவதில்லை. அந்தச் சதுக்கங்களில் வண்டிகள் வராது என்பதும் முக்கியம். அன்புக்கு ஏற்ற தரை அங்கே இருக்கிறது.

தமிழ்நாட்டிலும் அன்புக்குக் குறைவில்லை. நிற்கும் தாயின் கையிலிருந்து குழந்தையை வாங்கி மடியில் வைத்துக்கொள்ளும் முன்பின் தெரியாத அக்காவை நம் பேருந்துகளில் நாள்தோறும் பார்க்கலாம். இரவு ரயிலில் சேலையால் தூளி கட்டினால், எதிர் இருக்கைக்காரர் முடிச்சுப் போட உதவுவார். அழுகையை யாரும் குற்றமாகப் பார்ப்பதில்லை. ஐரோப்பாவில் விதி எழுதிக் கொண்டுவர முயலும் பொறுமை நமக்கு இயல்பிலேயே வாய்த்திருக்கிறது.

ஆனால் அந்த அக்காவின் கருணையால் பேருந்தின் படி உயரம் குறையாது. நடைபாதை உடைந்தும் கடைகளாலும் வண்டிகளாலும் அடைபட்டும் கிடக்கும் நம் நகரங்களில் ஸ்ட்ரோலரைத் தள்ளிக்கொண்டு நூறு மீட்டர் நடப்பதே பெரும்பாடு. டயப்பர் மாற்ற ஒரு மேடை பேருந்து நிலையக் கழிப்பறைகளில் அரிதினும் அரிது. நம் அன்பு தாயின் தோள்பலத்தை நம்பியே இயங்குகிறது. அவர் சுமக்கும்வரை நாம் கொஞ்சுகிறோம்.

நல்ல முயற்சிகள் இல்லாமல் இல்லை. 2015 ஆகஸ்டில் தமிழக அரசு பேருந்து நிலையங்களில் 350க்கும் மேற்பட்ட பாலூட்டும் அறைகளைத் திறந்தது. 2022இல், அதுவரை மூன்று வயதாக இருந்த அரசுப் பேருந்து இலவசப் பயண வரம்பு ஐந்து வயதாக உயர்த்தப்பட்டது. அதே ஆண்டு மே மாதம் லக்னோ மெயில் ரயிலில் கீழ்ப்படுக்கையோடு இணைத்த குழந்தைப் படுக்கை சோதனையாகப் பொருத்தப்பட்டது. பொது இடங்களில் பாலூட்டவும் குழந்தையைப் பராமரிக்கவும் வசதி வேண்டும் என்ற வழக்கில், அது தாய், சேய் இருவரின் அடிப்படை உரிமைகளோடு தொடர்புடையது என்று 2025 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் வலியுறுத்தியது.

ஆனால் பாலூட்டும் அறைகள் பூட்டிக் கிடப்பதாகவும் வேறு பயனுக்குப் போய்விட்டதாகவும் அவ்வப்போது செய்திகள் வருகின்றன. இங்கே ஸ்காட்லாந்தோடு ஓர் ஒப்பீடு தேவை. அங்கு 2005இல் வந்த சட்டப்படி, பொது இடத்தில் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்குப் பாலூட்டுவதைத் தடுப்பது குற்றம். நாம் அறை கட்டினோம். அவர்கள் உரிமை கொடுத்தார்கள். அறை திறந்திருந்தால்தான் உதவும். உரிமையோ தாய் போகும் இடமெல்லாம் கூடவே போகும். நம் சூழலில் தனிமையை விரும்பும் தாய்மார்களுக்கு அறை கட்டாயம் வேண்டும். அறை இல்லாத இடத்தில் பாலூட்டும் தாயை எழுந்துபோகச் சொல்ல யாருக்கும் அதிகாரம் இல்லை என்ற சட்டப் பாதுகாப்பும் அதோடு சேர வேண்டும்.

அமைதி விரும்புவோரின் நியாயம்

குழந்தை இல்லாதவர்களுக்கும், களைத்துவருபவர்களுக்கும், நோயாளிகளுக்கும் அமைதியான பயணம் வேண்டாமா என்று கேட்பதில் நியாயம் உண்டு. ஏர் ஏசியா எக்ஸ் 2013இலும் இண்டிகோ 2016இலும் குறிப்பிட்ட வயதுக்குட்பட்ட குழந்தைகளை அமர்த்தாத அமைதி வரிசைகளை ஒதுக்கின. விமானத்தின் ஒரு பகுதியை இப்படி ஒதுக்குவதற்கும், ஓர் உணவகத்தின் வாசலில் குழந்தைகளையே தடுப்பதற்கும் பெரிய வேறுபாடு இருக்கிறது. முதலாவதில் குழந்தையும் அதே விமானத்தில்தான் வருகிறது, பயணம் மறுக்கப்படவில்லை. இரண்டாவதில் நடத்தை எப்படியிருந்தாலும், வயது ஒன்றே விலக்குவதற்குப் போதுமான காரணமாகிறது. இன்னொரு பிரிவினரைக் குறிப்பிட்டு அப்படியொரு பலகை மாட்டினால் நாம் கொதித்தெழுவோம். பிரிட்டனின் 2010 சமத்துவச் சட்டம்கூட, சேவைகளில் வயதுப் பாகுபாட்டைத் தடைசெய்யும்போது 18 வயதுக்குட்பட்டவர்களை அந்தப் பாதுகாப்புக்கு வெளியே விட்டுவிட்டது. வாக்குரிமை இல்லாதவர்களுக்கு நேரும் மறதி இது. ஜெர்மன் ரயிலில் அமைதிப் பகுதியும் குழந்தை அறையும் ஒரே வண்டியில் ஓடுவதுபோல, இரண்டு தேவைகளுக்கும் இடம் ஒதுக்குவதே முதிர்ந்த தீர்வு.

இந்த ஒப்பீட்டிலிருந்து எனக்குக் கிடைக்கும் முடிவு இதுதான். விதி மட்டும் இருக்கும் நாட்டில் பெற்றோர் முகங்களைப் பார்த்து அஞ்சுகிறார்கள். அன்பு மட்டும் இருக்கும் நாட்டில் படிக்கட்டுகளைப் பார்த்து அஞ்சுகிறார்கள். பொறுமையை வளர்ப்பது தலைமுறை வேலை. தென்கொரியாவும் ஜப்பானும் அதில் படும் பாட்டைப் பார்க்கிறோம். படிக்கட்டைத் தாழ்த்துவது ஒரு டெண்டரில் முடியும் வேலை. கடினமானது நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. எளிதானதைத்தான் நாம் செய்யாமல் வைத்திருக்கிறோம்.

என்ன கேட்க வேண்டும் என்பதும் தெளிவு. தாழ்தளப் பேருந்துகள் பெருக வேண்டும். நடைபாதைகள் நடப்பதற்குக் கிடைக்க வேண்டும். பாலூட்டும் அறையின் சாவி யாரிடம் என்பது கதவிலேயே எழுதியிருக்க வேண்டும். டயப்பர் மாற்றும் மேடை ஆண்கள் கழிப்பறையிலும் வேண்டும். அமெரிக்கா 2016இல் தன் மத்திய அரசுக் கட்டடங்களுக்கு அப்படித்தான் சட்டம் செய்தது, ஏனெனில் பிள்ளை தந்தைக்கும் உரியது. 5 முதல் 12 வயதுவரையான குழந்தைகளின் ரயில் படுக்கைக் கட்டணத்தை அரசு மறுபரிசீலனை செய்ய வேண்டும். பேருந்தில் அழும் குழந்தையின் தாயிடம் "பரவாயில்லம்மா" என்று சொல்லும் வழக்கத்தை நாம் எந்நாளும் விட வேண்டாம். சொல்லிவிட்டு அதோடு நின்றுவிடாமல், இவற்றை உள்ளாட்சியிடமும் ரயில்வேயிடமும் எழுதிக் கேட்போம்.